பதினேழாம் பக்கத்தில் இருப்பது என் மூளை அல்ல

மதிப்பிற்குரிய சதுரங்க மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் வீட்டாரும், அச்சகத்தில் உள்ளவர்களும், அன்று தங்களோடு வந்து என் கத்தரிக்கோலை மிதித்துவிட்டுக் கத்தரிக்கோலிடமே மன்னிப்புக் கேட்ட புகைப்படக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவருடைய கால் ஆறிவிட்டதா என்று என் மனைவி விசாரிக்கச் சொன்னார். இங்கே நான், மனைவி, எதிர் வரிசையில் குடியிருக்கும் அண்ணன் மூவரும் சுகம். இதழ் மாதந்தோறும் ஒழுங்காக வந்து சேருகிறது. சென்ற மாதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிற்க. சென்ற இதழின் பதினேழாம் பக்கத்தில் என் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டு, "தையல் மெஷின் அருகே பிறந்த தனி மூளை" என்று தலைப்பும் கொடுத்து, ஊசியும் நூலுமாகவே வாழ்ந்த ஒருவர் தன் அறுபத்து நான்காம் வயதில் யாருடைய உதவியும் இல்லாமல் பன்னிரண்டாயிரம் வரியில் கம்ப்யூட்டருக்கு ஒரு சதுரங்க நிரலை எழுதி, தமிழிலும் பேச வைத்து, தங்கள் இதழ் நடத்திய போட்டியில் கோப்பையும் வாங்கிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் பலகையைத் திருப்பி வைத்திருக்கிறேன் என்று இதுவரை மூன்று வாசகர்கள் வீடு தேடி வந்து சொல்லிவிட்டார்கள். அது போகட்டும். அந்தப் பன்னிரண்டாயிரம் வரியில் என்னுடையது நாற்பத்தொன்று. நேற்று உட்கார்ந்து எண்ணினேன். அதிலும் மூன்று வரி காலி. இதைத் தங்கள் இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏன் என்பதை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். அச்சிடும்போது தாங்கள் சுருக்கிக்கொள்ளலாம்.

நான் தையல்காரன் என்றாலும் புதுத்துணி தைத்தது குறைவு. முப்பத்தாறு வருஷமும் திருத்த வேலைதான். இடுப்புப் பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, மெலிந்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது, மெலியப் போகிறேன் என்று சொல்கிறவர்களுக்குப் பிடித்துத் தைத்து மறுமாதம் பிரித்துவிடுவது. கடை என்பது வீட்டின் முன்னறை. என் அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பதினொரு வருஷமாகப் பிற்பகல் மூன்று மணிக்கு வருவார். துணி வெட்டும் மேஜையில் சாக்பீஸையும் டேப்பையும் ஒதுக்கிவிட்டு ஆட உட்காருவோம். இடையில் அவருக்குப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்து, போன வருஷம் அடியோடு போய்விட்டது. அதனால் என்ன, மனசிலேயே ஆடறேன் என்றார். நான் வாயால் சொல்ல, அவர் வாயால் சொல்ல, பன்னிரண்டு பதின்மூன்று நகர்த்தல் வரை சுமுகமாகப் போகும். அதற்குப் பிறகு வாக்குவாதம். ஒருநாள், "அந்தக் குதிரை அங்க இல்லடா" என்றார். "இருக்குண்ணா, என் கண்ணால பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அண்ணன் மேஜையைத் தடவி எழுந்து போனார். நாற்பது நாள் ஆகியும் வரவில்லை. மூன்று மணி ஆனால் எனக்கு ஊசியில் நூல் நுழையாது.

அப்போது என் மனைவிதான், "மூணாவது ஆள் ஒருத்தர் நடுவுல இருந்தா சண்டை வராது. மாப்பிள்ளைகிட்ட கேளுங்க" என்றார். இந்த வீட்டில் நேரத்துக்கு யோசிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர், தங்கமானவர், நான் நூறு தடவை ஒரே சந்தேகத்தைக் கேட்டாலும் முதல் தடவை கேட்பது போலவே முகத்தை வைத்துக்கொள்பவர். அவர் தேடி ஒரு சதுரங்க நிரலை இறக்கிக் கொடுத்தார். "இது ஓப்பன் சோர்ஸ் மாமா. எழுதினவங்க எல்லாருக்கும் பொதுவா வச்சிருக்காங்க. எடுத்துக்கலாம், நமக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுத் தைச்சுக்கலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம்" என்றார். எழுதியவர் ஒரு அம்மையார். ஏதோ ஒரு தேசத்தில் சிமெண்டு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பதினொரு வருஷமாக மதிய இடைவேளையில் எழுதியிருக்கிறார். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை மட்டும் ஓய்வு பெற்ற ஒரு மாலுமி எழுதிச் சேர்த்திருக்கிறார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லையாம்.

ஐயா, அந்த நிரலைத் தாங்கள் திறந்து பார்க்க வேண்டும். நடு நடுவே அந்த அம்மையார் பின்னால் வருகிறவர்களுக்காகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இருக்கும், என் மனைவி படித்துத் தமிழில் சொல்வார். ஓரிடத்தில், "இந்த வரியை எடுத்தால் யானை குறுக்காக ஓடுகிறது. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. தயவுசெய்து தொடாதீர்கள்." இன்னோரிடத்தில், "இங்கே மூன்று வாரம் தொலைந்துபோனேன். உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று வழியை எழுதுகிறேன்." முகம் தெரியாத ஒருவர், நான் ஒருவன் பிறந்திருக்கிறேன் என்பதே தெரியாத ஒருவர், நான் தொலைந்துபோகக் கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் பிறர் தைத்த எத்தனையோ கோட்டுகளைப் பிரித்திருக்கிறேன். எந்தத் தையல்காரனும் உள்ளே எனக்கு ஒரு வரி எழுதி வைத்ததில்லை. நான்கு மாதம் அந்தக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அந்த அம்மையாருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எந்த டேப்பாலும் அளக்க முடியாது.

அப்படிப்பட்டவருக்கு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இருபது இருபத்தைந்து வரி ஆங்கிலம் இருந்தது. "இது என்ன மாப்பிள்ளை?" என்றேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர் படிக்காது மாமா, மனுஷங்களுக்காக எழுதினது" என்று சொன்னவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அதற்குள் அவருக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தத்துக்கு ஒரு துணி வந்தால் முதல் வேலை, இடுப்பில் இருக்கிற பழைய லேபிளைப் பிரித்து எடுப்பது. எடுத்தால்தான் மடிப்பைத் திறக்க முடியும். வேலை முடிந்ததும் நம் கடை லேபிளை வைத்துத் தைத்துவிடுவோம். பழையதை உறையில் போட்டு வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது முறை. கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "மேல ஏதோ பெரிசா எழுதியிருக்கே, படிச்சுச் சொல்லட்டுமா?" என்று மனைவி கேட்டார். "கம்ப்யூட்டரே படிக்காததை நீ எதுக்குப் படிக்கறே?" என்று கேட்டுவிட்டு, முப்பத்து நான்கு கோப்புகளிலும் தலைப்பு வரிகளை நூல் பிசிறு இல்லாமல் பிரித்து எடுத்து, அந்த இடத்தில் என் கடைப் பெயரையும், "அளவுக்குத் திருத்தித் தரப்படும்" என்ற வாசகத்தையும் போட்டேன். போட்டுவிட்டு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று பெருமைப்பட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்ததுதான் வினை. காய்களையும் கட்டங்களையும் தமிழில் சொல்வதற்குக் குரல் ஏற்பாடு ஆயிற்று. எந்தக் காய் எங்கே என்று கேட்டால் பதில் சொல்லும்படி நாற்பத்தொரு வரி எழுதினேன். அண்ணன் வீட்டுக்கு நானே தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். "யாருடா இது?" என்றார். "ஆடிப் பாருங்கண்ணா." ஆடினார். முதல் ஒன்பது ஆட்டமும் தோற்றார். தோற்றுவிட்டு, "இந்தக் குரலைக் கேட்டாலே தப்பா ஆட பயமா இருக்குடா" என்று சொல்லிச் சிரித்தார். டீச்சரம்மா என்று பேர் வைத்தார். மறுநாள் மூன்று மணிக்குச் சரியாக வாசலில் வந்து நின்றார். இப்போது நானும் அண்ணனும் ஒரே கட்சி, டீச்சரம்மா எதிர்க்கட்சி. பார்வை இழந்தவர்களின் சங்கத்தில் அண்ணன் சொல்ல, பதினொரு வீடுகளுக்குப் படி எடுத்துக் கொடுத்தேன். அதில் யாரோ தங்கள் போட்டிக்கு என் பெயரில் அனுப்ப, கோப்பை கிடைக்க, தாங்கள் வந்தீர்கள். "முழுக்க நீங்களே எழுதினதா?" என்று தாங்கள் கேட்டபோது ஒரு பெரியவருக்குக் கால்சட்டை அளவு வைத்துக்கொண்டிருந்தேன், வாயில் ஆறு குண்டூசி. வாயில் குண்டூசி இருக்கும்போது ஒரு தையல்காரனால் "ம்" என்பதற்கு மேல் சொல்ல முடியாது. ஆனால் குண்டூசியை வெளியே எடுக்கவும் ஒரு தையல்காரனுக்குத் தெரியும். நான் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் "ம்" சொல்லச் சுகமாக இருந்தது என்பதுதான் உண்மை.

இதழ் வந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்தார். வழக்கமாகச் செருப்பைக் கழற்றும்போதே அத்தையிடம் பேச ஆரம்பிப்பவர், அன்று பேசாமல் வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தார். "மாமா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இங்க இருந்த பேரெல்லாம் எங்க?" என்றார். "பிரிச்சு எடுத்துட்டேன் மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் படிக்காதுன்னு நீங்கதானே..." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்காங்க. என் பேரையும் இந்தக் குறிப்பையும் கூடவே வச்சிருங்க, நீங்க என்ன மாத்தினீங்கன்னு எழுதுங்கன்னு. அதை எடுத்துட்டா அவங்க கொடுத்த அனுமதியே போச்சு மாமா. நாம இதை வச்சுக்கவும் உரிமை இல்லை, மத்தவங்களுக்குக் கொடுக்கவும் உரிமை இல்லை." பிறகு, முழுசாகச் சொல்லாமல் போனது தன் தப்பு என்று அவரும், இல்லை என் தப்பு என்று நானும் கால் மணி நேரம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். என் மனைவி வந்து, "யார் தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம், முதல்ல அந்தம்மாவுக்கு எழுதுங்க" என்றார்.

பதினொரு வருஷம் மதிய இடைவேளையைக் கொடுத்தவர் கேட்ட கூலி ஒரு பெயர். அதையும் நான் பிரித்து எறிந்திருக்கிறேன். அதைச் சரி செய்யும் வரை டீச்சரம்மாவை இயக்குவதில்லை என்று அண்ணனிடம் சொல்லப் போனேன். மறுபடியும் மூன்று மணி இல்லாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "பேர் வச்சதுக்கப்புறம் வா. அதுவரைக்கும் நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். பழைய வரிகளைக் கோப்புகளில் திரும்ப வைக்க ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. பதினொரு வீடுகளில் கொடுத்த படிகளை மாற்றத்தான் பதினொரு நாள் ஆயிற்று. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், "பேரைத் தாராளமா போட்டுக்கோ தம்பி, ஆனா இப்ப நிறுத்தாதே, முதல் தடவையா ஜெயிக்கப் போறேன்" என்று பிடித்துக்கொண்டார். அவர் தோற்கும் வரை இரண்டு மணி நேரம் செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். படித்துப் பார்க்க முடியாதவர்களுக்குப் பெயர் காதில் விழ வேண்டுமே என்று, அம்மையாரின் உரிம அறிவிப்பு முழுவதையும் கம்ப்யூட்டரே ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும்படி செய்தேன். பதினான்கு நிமிஷம் வாசித்தது. அண்ணன் தூங்கிவிட்டார். இப்போது ஆட்டத்துக்கு முன்னால் அம்மையார் பெயர், மாலுமி பெயர், நாங்கள் மாற்றியது என்ன என்று மூன்று வாக்கியம். முழு அறிவிப்பு வேண்டுமென்றால் கேட்டால் வாசிக்கும். அண்ணன் அந்தப் பெயர்கள் வரும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்தி வணக்கம் சொல்கிறார். எதிரியின் பெயர் தெரிந்து தோற்பதில் ஒரு மரியாதை இருக்கிறதாம்.

அம்மையாருக்கு மாப்பிள்ளை நடந்ததை நடந்தபடி எழுதினார். பதில் வரும் வரை திட்டுவார், பறித்துக்கொள்வார் என்று இருந்தேன். நான்கே வரியில் பதில் வந்தது. "பெயர்களைத் திரும்ப வைத்ததற்கு நன்றி. உங்கள் அண்ணன் இதுவரை எத்தனை ஆட்டம் ஜெயித்தார்? அந்தத் தமிழ்க் குரலை என் நிரலிலும் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். நன்றிப் பட்டியலில் யாருடைய பெயரைப் போடட்டும்?" இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தாறு வருஷம் இந்த ஊரில் பாதிப் பேருடைய இடுப்பைச் சுமந்திருக்கிறேன். தைத்தவன் பெயர் என்ன என்று ஒருவர் கேட்டதில்லை. என் பெயரை முன்னெழுத்தோடு தெளிவாக எழுதி அனுப்பும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் அருள்கூர்ந்து, அந்த நிரல் என்னுடையதல்ல, அதை ஆக்கியவர்கள் இன்னின்னார், தையல்காரர் அதில் சிறிது திருத்த வேலை மட்டும் செய்தவர் என்று பதினேழாம் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறேன். சொந்தமாக எழுதிய நிரல்களுக்கான கோப்பை எனக்கு உரியதல்ல என்பதால், இரண்டாம் இடம் வந்த விரிவுரையாளருக்குக் கொடுத்துவிடும்படி தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். உள்ளே பொத்தான் ஏதாவது இருந்தால் அது எங்களுடையது, திருப்பி அனுப்ப வேண்டாம். அச்சிட வேண்டிய இரண்டு பெயர்களையும் தனித்தாளில் பெரிய எழுத்தில் இணைத்திருக்கிறேன். தங்கள் இதழ் பல்லாண்டு வாழவும், தாங்கள் நீண்ட ஆயுளோடும் குறையாத சந்தாதாரர்களோடும் விளங்கவும் மனமார வாழ்த்துகிறேன். புகைப்படக்காரருக்கு என் அன்பு. கோட்டு ஏதும் இறுக்கமாக இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நன்றியுள்ள,
திருத்தத் தையற்காரர்
(கையொப்பம்)

பின்குறிப்பு: இதை எழுதுவது அவருடைய மனைவி. மேலே உள்ளதை எழுதியதும் நானே. இவர் சொன்னது, "பேர் தப்பு, திருத்தச் சொல்லு, கோப்பையை அனுப்பிடு, குரலுக்கு என் பேரைக் கொடுத்ததையும் சொல்லிடு" என்று துணி வெட்டிக்கொண்டே ஒரு மூச்சில். எங்கள் வீட்டில் கடிதம் என்றால் முப்பத்தொரு வருஷமாக நான் எழுதுவேன், இவர் கையெழுத்துப் போடுவார். என்னைப் பற்றி வருகிற நல்ல வார்த்தைகளுக்கும் நானே பொறுப்பு. "குரல் ஏற்பாடு ஆயிற்று" என்று நடுவில் இருக்கிறது. அது தானாக ஆகவில்லை. துணி போட்டுப் பார்க்கும் அறையில், எதிரொலி வராமல் இருக்க முப்பது கோட்டுகளுக்கு நடுவே நின்று, அறுபத்து நான்கு கட்டங்களையும் ஆறு காய்களையும் நான் சொன்னேன். 'பி' வரிசையும் 'டி' வரிசையும் ஒன்று போலக் கேட்கிறது என்று பதினாறு கட்டங்களைத் திரும்பச் சொல்ல வைத்தார். தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் குரல் கொடுத்தவள் நான். அங்கேயும் யாரும் பெயர் கேட்டதில்லை. சிமெண்டு ஆலை அம்மையார் கேட்டிருப்பது குரலுக்கு உரியவரின் பெயரை.

அந்த வாக்கியத்தை வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன், இவர் படிக்கும்போது உறைக்கிறதா பார்க்கலாம் என்று. முழுக் கடிதத்தையும் நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் இந்தப் பின்குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கோட்டுகளுக்கு நடுவே நின்றதால்தான் இவருடைய அண்ணன் மறுபடி எங்கள் வாசலுக்கு வருகிறார். அந்த அம்மையாருக்கு இவரைவிட நான் அதிகம் கடமைப்பட்டவள். இவருடைய பெயரை மாப்பிள்ளை இன்னும் அனுப்பவில்லை. நான்தான் நிறுத்தி வைத்தேன். இப்போது இதை இவருக்குப் படித்துக் காட்டினேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு, "உன் பேரை முதல்ல போடச் சொல்லு" என்றார். வேண்டாம், அம்மையாரும் மாலுமியும் எனக்கு முன்னாலேயே உழைத்தவர்கள். ஆகையால் இணைப்புத் தாளில் இரண்டு பெயர் இருக்காது, மூன்று இருக்கும். மூன்றாவதை 'தையல்காரரின் மனைவி' என்று மாற்றாமல், எழுதியிருக்கிறபடியே போடவும்.